காஷ்மீர் கானி சால்வைக்கு ஏன் லட்சக்கணக்கில் விலை? அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?

கடைக்காரர் லாபம் வைப்பார்தான். ஆனால் கானி சால்வையின் விலையை ஏற்றுவது கம்பளியைவிட, தறியில் போகும் காலம்.

கம்பளி வருவது லடாக்கின் சாங்தாங் பீடபூமியிலிருந்து. 4,000 மீட்டருக்கு மேல் சாங்பா நாடோடிகள் மேய்க்கும் ஆடுகளுக்குக் குளிர்காலத்தில் மேல்முடிக்கு அடியில் மெல்லிய உள்முடி வளரும். குளிர் விடும்போது அது உதிரத் தொடங்கும், அப்போது சீப்பால் வாரி எடுப்பார்கள். ஒரு ஆட்டில் உருப்படியாகத் தேறுவது 100 கிராமைச் சுற்றித்தான். காஷ்மீரில் பெண்கள் அதைக் கை ராட்டையில் நூற்கிறார்கள்.

இதுவரை எல்லாக் கைத்தறி பஷ்மினாவுக்கும் (இந்த உள்முடியில் நெய்த துணிக்கும்) பொது. கானியில் ஊடைநூலை, அதாவது குறுக்கே போகும் இழையை, தறி நாடாவில் வைத்து ஒரே ஓட்டமாக ஓட்ட முடியாது. பூவின் ஒவ்வொரு நிறத் துண்டுக்கும் தனித்தனியாக நூல் சுற்றிய சின்ன மரக்குச்சிகள் நூற்றுக்கணக்கில் தறியில் கிடக்கும். அவற்றைத்தான் கானி என்கிறார்கள். எத்தனை பாவு இழைக்கு (தறியில் நீளவாக்கில் கட்டிய இழைக்கு) எந்த நிறம் என்பதைக் குறியீடாக எழுதிய தாளுக்குத் தாலிம் என்று பெயர். ஒருவர் அதை ராகம்போல இழுத்து வாசிக்க, நெய்கிறவர்கள் குச்சியை மாற்றிக்கொண்டே போவார்கள். நெய்கிறவர் கண்ணுக்குத் தெரிவது சால்வையின் பின்பக்கம் மட்டும். பூ கீழே இருக்கும். நெருக்கமான வேலை என்றால் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் ஒரு விரல் அகலம் நகர்வதே பெரிது. உடல் முழுக்கப் பூ வைத்த சால்வை வருடக்கணக்கில் தறியில் கிடக்கும்.

வரலாறு என்றால் எல்லோரும் நெப்போலியன் மனைவி ஜோசஃபின் காஷ்மீர் சால்வைகளை வாங்கிக் குவித்த கதையைச் சொல்வார்கள். எனக்கு 1846 அமிர்தசரஸ் ஒப்பந்தம்தான் சுவாரசியம். காஷ்மீரை ஆங்கிலேயரிடமிருந்து பெற்றுக்கொண்ட ஜம்மு அரசர் குலாப் சிங், வருடந்தோறும் அவர்களுக்கு ஒரு குதிரை, 12 சால்வை ஆடுகள், 3 ஜோடி சால்வைகள் தர ஒப்புக்கொண்டார். ராஜ்ஜியக் கணக்கில் இடம்பிடித்த துணி! நெய்தவன் நிலைமையோ நேர் எதிர். ஒவ்வொரு சால்வைக்கும் வரி, தறியை விட்டு வேறு வேலைக்கும் போகக்கூடாது. 1865 ஏப்ரலில் ஸ்ரீநகரின் ஜால்டகரில் நெசவாளர்கள் திரண்டு எதிர்த்தார்கள். காஷ்மீர் அரசு படையை ஏவியது, பலர் செத்தார்கள். விற்பனைச் சீட்டில் இதை யாரும் அச்சடிப்பதில்லை. அதற்கு முன்பிருந்தே ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊர், துளையிட்ட அட்டைகளை வைத்துப் பூவேலை நெய்யும் ஜக்கார்ட் தறியில் நகலை மலிவாக நெய்து தள்ளிக்கொண்டிருந்தது. 1870-ல் பிரான்ஸ்-பிரஷ்யா போர் வந்ததும் பாரிஸ் சந்தையும் படுத்தது. இன்று கானி நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர் பட்காம் மாவட்டத்துக் கானிஹாமா.

சரி, அசலா என்று பார்ப்பது எப்படி? மோதிரத்துக்குள் இழுத்துக் காட்டுவார்களே, அதை நம்பாதீர்கள். மெல்லிய விஸ்கோஸ் (ஒரு வகைச் செயற்கை இழை) துணியும் அதற்குள் போகும். நூலைக் கொளுத்தி முகர்வதும் அரைகுறைச் சோதனைதான். செம்மறியாட்டுக் கம்பளியும் அதே முடி கருகிய வாசனைதான் அடிக்கும். துணியைத் திருப்பிப் பாருங்கள். கானியில் ஒரு நிறம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் ஊடை இழைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு திரும்பியிருக்கும். ஜக்கார்ட் துணியில் நிறநூல்கள் பின்பக்கம் குறுக்கே நீளமாக ஓடும், அல்லது ஓடியதைக் கத்தரித்த நுனிகள் தெரியும். ஐயாயிரத்துக்குக் 'கானி' என்று கிடைப்பதெல்லாம் இந்த ரகம். இன்னும் உறுதி வேண்டுமென்றால் ஸ்ரீநகரில் சோதித்து ஒட்டும் புவிசார் குறியீட்டு முத்திரையைக் கேளுங்கள்.

யாராவது குரலைத் தாழ்த்தி 'ஷாதூஷ் இருக்கு' என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அது திபெத்திய மானைக் கொன்று எடுக்கும் முடி. வாங்கினாலும் விற்றாலும் சட்டப்படி குற்றம்.

லட்சம் போட மனமில்லை, ஆனால் கைத்தறிக் கம்பளி வேண்டும் என்றால் இமாசலத்தின் குலு சால்வையைப் பாருங்கள். உடல் ஒரே நிறமாக, ஓரத்தில் மட்டும் பளிச்சென்ற கட்டக்கோலம் இருக்கும். 1944-ல் தொடங்கிய புட்டிகோ நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கடைகளில் சில ஆயிரங்களுக்கே கிடைக்கும், அதற்கும் புவிசார் குறியீடு உண்டு. ஊட்டிக் குளிருக்கு அது தாராளமாகப் போதும்.