வாசகர் கேள்வி – பதில்: பாக்கோவில் ஓர் இரவு தங்குங்கள்

கேள்வி: வணக்கம் ஐயா. 30 ஆண்டுகளுக்கு மேல் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற என் அம்மாவுக்கு இப்போது 68 வயது. முழங்கால் வலியும் உண்டு. வரும் டிசம்பர் பள்ளி விடுமுறையில் அவரையும் என் இரு பிள்ளைகளையும் சரவாக்கிலுள்ள பாக்கோ தேசியப் பூங்காவுக்கு அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன். கூச்சிங்கில் தங்கிக்கொண்டு ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாமா? "தோட்டத்தில் பார்க்காத குரங்கையா விமானம் ஏறிப் போய்ப் பார்க்க வேண்டும்?" என்று அம்மா கேட்கிறார்.
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: ஒரே நாளில் போய் வரலாம், ஆனால் எதைப் பார்க்கப் போகிறீர்களோ அந்த நீள்மூக்குக் குரங்கைப் பார்க்காமலேயே திரும்ப நேரிடலாம். முதல் முறை எனக்கு அப்படித்தான் ஆயிற்று. காலை பத்து மணிக்குப் படகில் போய் இறங்கி, உச்சி வெயிலில் மலைப்பாதை ஏறி இறங்கி, பிற்பகல் மூன்று மணிக்குக் கடைசிப் படகைப் பிடித்த அந்த நாளில் நான் கண்டதெல்லாம் சிற்றுண்டிச்சாலை மேசைகளில் தாவித் திரிந்த நீண்ட வால் குரங்குகளைத்தான். அவை உங்கள் அம்மா தோட்டத்தில் நாள்தோறும் விரட்டிய அதே இனம் என்பதால், அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

அடுத்த முறை ஓர் இரவு தங்கினேன். மாலை ஐந்தரை மணி இருக்கும். தெலோக் அசாம் படகுத்துறையை ஒட்டிய சதுப்புநிலக் காட்டில் பலகைப் பாதை மீது நின்றுகொண்டிருந்தேன். கடல் வற்றியிருந்தது, சேற்றில் சிறு நண்டுகள் ஒற்றைக் கொடுக்கை உயர்த்தி உயர்த்தி இறக்கிக்கொண்டிருந்தன. திடீரென்று தலைக்கு மேலே கிளை முறிவதுபோல் ஓர் ஓசை. செம்பட்டை முதுகும் சாம்பல் நிறக் கால்களும் பானை வயிறுமாக ஓர் ஆண் குரங்கு வந்து அமர்ந்தது. வாயை மறைத்துத் தொங்கிய மூக்கை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு, மறு கையால் இளந்தளிரைக் கிள்ளி வாயில் வைத்தது. அந்த நீள்மூக்குக் குரங்கைப் போர்னியோத் தீவைத் தவிர உலகில் வேறெந்தக் காட்டிலும் காண முடியாது. மலாய்க்காரர்கள் அதை 'மோன்யெட் பெலாண்டா', அதாவது டச்சுக்காரக் குரங்கு என்பார்கள். இதை அம்மாவிடம் சொல்லுங்கள்.

இக்குரங்குகள் பெரும்பாலும் அதிகாலையிலும் அந்திப்பொழுதிலும்தான் நீரோர மரங்களுக்கு வருகின்றன. பகல் வெயிலில் உள்காட்டில் ஓய்ந்துவிடுகின்றன. அதனால்தான் இரவு தங்கச் சொல்கிறேன். பூங்காவுக்குள் சரவாக் வனவியல் கழகத்தின் எளிய தங்கும் விடுதிகள் உள்ளன. முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும்.

டிசம்பரை மட்டும் தவிர்த்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை கூச்சிங் பகுதியில் வலுத்துப் பெய்வது டிசம்பரிலும் ஜனவரியிலும்தான். பாக்கோவுக்குச் சாலை கிடையாது. கூச்சிங்கிலிருந்து ஏறக்குறைய 37 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாக்கோ கம்பம் என்ற சிற்றூர் வரை வண்டியில் சென்று, அங்கிருந்து அரை மணி நேரம் சிறு படகில் போக வேண்டும். ஆற்று முகத்தைக் கடந்து படகு கடலில் இறங்கும்போது அலை உயர்ந்திருந்தால், வயதானவரையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு தவித்துப்போவீர்கள். ஆண்டின் நடுப்பகுதி விடுமுறையே உகந்தது. கடல் வற்றும் வேளையில் படகு துறை வரை வராமல் முழங்கால் அளவு நீரில் இறங்கி நடக்க நேரலாம் என்பதால், நீரேற்றம் எத்தனை மணிக்கு என்று படகோட்டியிடம் கேட்டு அதற்கேற்பப் புறப்படுங்கள்.

1957இல் அறிவிக்கப்பட்ட, சரவாக்கின் மிகப் பழைய தேசியப் பூங்கா இது. பரப்பு 2,727 ஹெக்டர். இவ்வளவு சிறிய இடத்திற்குள் கடற்கரைச் செடிகொடிகள், சதுப்புநிலக் காடு, மழைக்காடு, மேட்டு நிலத்துக் கெராங்காஸ் என்று நடக்க நடக்கக் காடு மாறிக்கொண்டே போகும். 'கெராங்காஸ்' என்பது இபான் மொழிச் சொல். நெல் விளையாத நிலம் என்று பொருள். சத்தில்லாத அந்த மணலில் வேர் தராத உணவை, குடுவைச் செடிகள் தம் குடுவைக்குள் விழும் பூச்சிகளிடமிருந்து பெற்றுக்கொள்கின்றன. அதைக் காண 5.8 கிலோமீட்டர் லின்தாங் பாதையைச் சுற்றி வர வேண்டும். நீங்களும் பிள்ளைகளும் காலையில் போய் வாருங்கள். அம்மாவுக்குப் பலகைப் பாதையே போதும். மாலையில் குரங்குகள் அவர் இருக்கும் இடத்திற்கே வரக்கூடும்.

சரவாக்குக்குத் தனிக் குடிநுழைவுக் கட்டுப்பாடு உண்டு. உங்கள் அடையாள அட்டைகளை மறவாதீர்கள். பிள்ளைகளுக்கு என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்பதை விமானச் சீட்டு வாங்குமுன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: பிள்ளைகள் குரங்குக்கு வாழைப்பழம் கொடுக்க ஆசைப்படுகிறார்கள். கடலில் குளிக்கவும் கேட்கிறார்கள். அனுமதிக்கலாமா?
– அதே வாசகி

பதில்: இரண்டும் வேண்டாம். லயத்து வீட்டின் பின்னால் மாடு வளர்த்த அனுபவம் உங்கள் அம்மாவுக்கு இருந்தால், முதல் காரணத்தை அவரே பிள்ளைகளுக்கு விளக்கிவிடுவார். நீள்மூக்குக் குரங்கின் வயிறு மாட்டு வயிற்றைப்போல் பல அறைகள் கொண்டது. இலையையும் காயையும் நுண்ணுயிர்கள் அதற்குள் மெல்லப் புளிக்கவைத்துச் செரிக்கின்றன. விழுங்கியதை மீண்டும் வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடும் வழக்கம்கூட இக்குரங்குகளுக்கு உண்டென்று 2011இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். இனிப்பேறிய பழம் அந்த வயிற்றுக்குள் போனால் விரைந்து புளித்து, வயிறு உப்பி உயிருக்கே ஆபத்தாகலாம். நீண்ட வால் குரங்குகளுக்குக் கொடுத்தாலோ, அவை அடுத்து வருபவரின் கைப்பையைப் பறிக்கப் பழகிவிடும். அங்கே அந்தப் பழக்கம் ஏற்கெனவே முற்றியிருக்கிறது. பையைத் திறந்து வைக்காதீர்கள்.

கடலைப் பொறுத்தவரை, அது உவர்நீர் முதலைகள் உலவும் பகுதி. எச்சரிக்கைப் பலகைகள் கண்ணுக்குத் தெரியும்படி நட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் மணலில் ஓடி விளையாடட்டும், கிளிஞ்சல்களைப் பார்க்கட்டும். நீரில் இறங்கி விளையாட மட்டும் விடாதீர்கள்.