ரெக்கார்டிங் படிக்க காமர்ஸ் குரூப் போதுமா?

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறான். ஏழு வருடமாக மிருதங்கம் கற்றுக்கொள்கிறான். கல்லூரியில் ரெக்கார்டிங், மிக்ஸிங் படிக்க வேண்டும் என்கிறான். இசைப் படிப்புதானே, பதினொன்றாம் வகுப்பில் காமர்ஸ் எடுத்தால் போதுமா?

பதில்: வேண்டாம் அம்மா. இயற்பியலும் கணிதமும் உள்ள குரூப்பில் சேருங்கள். நல்லவேளை, சேர்க்கைக்கு முன்பே கேட்டுவிட்டீர்கள். புனே திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவு, ஒலி வடிவமைப்புப் படிப்பு 3 ஆண்டுகள். ஏதாவது ஒரு பட்டம் வேண்டும். அதோடு பிளஸ் டூவில் இயற்பியல் படித்திருக்க வேண்டும். பட்டம் எதில் வாங்கினாலும் சரி, பிளஸ் டூவில் விட்ட இயற்பியலை அப்புறம் பிடிப்பது எளிதல்ல. இங்கிலாந்தில் சர்ரே பல்கலைக்கழகம் 1970 முதல் நடத்தும், இசையோடு ஒலிப்பதிவையும் சேர்த்துக் கற்றுத்தரும் 'டோன்மைஸ்டர்' படிப்புக்கும் கணிதம் தேவை.

இது வெறும் விதி அல்ல. உங்கள் மகனின் மிருதங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வலந்தலைக்கு, அதாவது வலது பக்கத்துக்கு, எதிரே ஒரு மைக், அதற்கு 34 சென்டிமீட்டர் பின்னால் இன்னொரு மைக் வைக்கிறோம். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். ஆகவே இரண்டாவது மைக்கை ஒரு மில்லி நொடி தாமதமாகத்தான் எட்டும். நொடிக்கு 500 முறை அதிரும் (500 ஹெர்ட்ஸ்) ஒலிக்கு அது சரியாக அரை அலை. இரண்டு மைக்கின் பதிவையும் ஒரே அளவில் கலந்தால், அந்த ஒலியில் ஒன்றின் மேடும் மற்றதன் பள்ளமும் சேர்ந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் அருமையாக இருக்கும். சேர்த்துக் கேட்டால் நாதம் மெலிந்து, உள்ளீடற்றுப் போயிருக்கும். இயற்பியல் தெரிந்தவன் எழுந்து போய் மைக்கை நகர்த்துவான். தெரியாதவன், கனத்த ஒலி, மெல்லிய ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரைத் திருகியே ராத்திரியைக் கழிப்பான்.

கற்ற மிருதங்கமும் வீண் போகாது. 'சாப்பு' என்ற அடி எப்படி ஒலிக்க வேண்டும் என்று விரலுக்குத் தெரிந்தவனுக்கு, பதிவில் அது கெட்டிருந்தால் காது உடனே சொல்லிவிடும். அதை எந்த மென்பொருளும் கற்றுத்தராது. வகுப்பை நிறுத்திவிடாதீர்கள்.

கல்லூரி பார்க்கப் போகும்போது ஸ்டுடியோவின் பளபளப்பைப் பார்க்காதீர்கள். ஒரு மாணவனுக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் ஸ்டுடியோ கிடைக்கும், மைக் வைப்பதை அவனே செய்வானா, வேடிக்கை பார்ப்பானா என்று அங்கே படிக்கும் பிள்ளைகளிடமே கேளுங்கள்.

இப்போதைக்கு விலையுயர்ந்த மைக் எதுவும் வாங்க வேண்டாம். ஒரே தாளத்தை வீட்டில் மூன்று இடங்களில் போனை வைத்துப் பதியச் சொல்லுங்கள்: சுவரோரம், கூடத்தின் நடுவே, திரைச்சீலைப் பக்கம். கேட்டுவிட்டு, என்ன வித்தியாசம் என்று நோட்டில் அவனே எழுதட்டும்.