சர்க்கரை நோய்க்கு வழிகாட்டி எழுதுபவர்கள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

சர்க்கரை நோய்க்கு எந்த மருந்தை முதலில் கொடுப்பது, சர்க்கரையை எதுவரை குறைப்பது என்பதையெல்லாம் நிபுணர் குழுக்கள் கூடி வழிகாட்டி நெறிகளாக எழுதுகின்றன. அந்தக் குழுக்களில் இருப்பவர்களுக்கு மருந்து கம்பெனிகளோடு பணத் தொடர்பு இருக்கலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். நான் மருந்தியல் ஆசிரியர். இந்த நெறிகளைப் பல வருடங்களாகப் படித்தும் பாடம் எடுத்தும் வருகிறேன்.

கேள்வி: நலன் முரண், நலன் முரண் என்கிறார்களே, அது லஞ்சம்தானே ஐயா?

இல்லை. லஞ்சம் ஒரு செயல். நலன் முரண் ஒரு நிலைமை, முடிவெடுப்பவரின் சொந்த ஆதாயமும் அவர் கடமையும் மோதக்கூடிய நிலைமை. ஒரு டாக்டர் ஒரு கம்பெனிக்காகக் கூட்டங்களில் பேசிக் கட்டணம் வாங்குகிறார். பிறகு அதே கம்பெனியின் மருந்தை எத்தனையாவது இடத்தில் வைப்பது என்று முடிவு செய்யும் குழுவில் உட்காருகிறார். அவர் முழு நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனாலும் அவர் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது அவருக்கே தெரியாது. அமெரிக்காவில் 2016இல் வந்த ஓர் ஆய்வில், கம்பெனி வாங்கிக் கொடுத்த 20 டாலருக்கும் குறைவான ஒரே ஒரு சாப்பாட்டுக்குக்கூட, அந்தக் கம்பெனியின் மருந்தை அதிகம் எழுதுவதோடு தொடர்பு இருந்தது. சாப்பாடுதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனால் "சின்ன விஷயம்தானே" என்று ஒதுக்கவும் முடியாது.

கேள்வி: இது எவ்வளவு பரவலாக இருக்கிறது?

அமெரிக்காவிலும் கனடாவிலும் சர்க்கரை நோய்க்கும் கொழுப்புக்கும் எழுதப்பட்ட 14 வழிகாட்டி நெறிகளை ஆராய்ந்து 2011இல் ஒரு கட்டுரை வந்தது. மொத்தம் 288 உறுப்பினர்கள். அவர்களில் 150 பேருக்கு, அதாவது 52 சதவீதத்தினருக்கு, பண நலன் முரண் இருந்தது. 12 பேர் அதை அறிவிக்கவே இல்லை. தலைவர் யார் என்று தெரிந்த 12 குழுக்களில் 6 தலைவர்களுக்குத் தொடர்பு இருந்தது.

எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது வேறொன்று. அரசு ஆதரவில் எழுதப்பட்ட நெறிகளில் இப்படிப்பட்டவர்கள் 16 சதவீதம்தான், மற்றவற்றில் 69 சதவீதம். அப்படியென்றால், மனது வைத்தால் குறைக்க முடிகிறது!

கேள்வி: தொடர்பு இருந்தால் கருத்து மாறும் என்பதற்குச் சர்க்கரை நோயிலேயே உதாரணம் உண்டா?

ரோசிக்ளிட்டசோன். 1999இல் சந்தைக்கு வந்த மாத்திரை. அதைச் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு அதிகம் வருகிறது என்று 2007இல் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்ட ஒரு தொகுப்பாய்வு சொன்னது. உடனே மருத்துவ இதழ்களில் பெரிய விவாதம். அந்த விவாதத்தில் எழுதப்பட்ட 202 கட்டுரைகளை 2010இல் ஒரு குழு எடுத்துப் பார்த்தது. ஆபத்து இல்லை என்ற பக்கம் எழுதியவர்களுக்கு, எதிர்ப்பக்கம் எழுதியவர்களைப் போல மூன்று மடங்குக்கும் மேலாகச் சர்க்கரை மருந்து கம்பெனிகளோடு தொடர்பு இருந்தது. அதே 2010இல் ஐரோப்பா அந்த மருந்தை நிறுத்தி வைத்தது, அமெரிக்கா கடுமையாகக் கட்டுப்படுத்தியது.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. மறு ஆய்வுக்குப் பிறகு 2013இல் அமெரிக்கா அந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்த முடிவெடுத்தது. ஆகவே யார் சொன்னது சரி என்பதை இந்தக் கதை தீர்த்து வைக்கவில்லை. ஆனால் ஒரே தரவைப் பார்த்தவர்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதும் பணம் எங்கிருந்து வந்தது என்பதும் சேர்ந்தே போயின. எனக்குக் கவலை தருவது அதுதான்.

கேள்வி: என் அம்மாவுக்கு 76 வயது. எச்பிஏ1சி ஏழுக்குக் கீழே வேண்டும் என்கிறார் ஒரு டாக்டர். எட்டு வரை பரவாயில்லை என்கிறார் இன்னொருவர். இதுவும் பணத்தால் வந்த குழப்பமா?

அப்படிச் சொல்ல மாட்டேன். எச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, சதவீதத்தில் சொல்வார்கள். அமெரிக்க நீரிழிவுச் சங்கம் பெரும்பாலானவர்களுக்கு 7க்குக் கீழ் என்கிறது, ஆனால் வயதானவர்களுக்குத் தளர்த்தவும் சொல்கிறது. அமெரிக்க மருத்துவர் கல்லூரி, நெறிகளைத் தன் சொந்த நிதியிலேயே எழுதும் மருத்துவர் சங்கம், 2018இல் பெரும்பாலானவர்களுக்கு 7 முதல் 8 வரை போதும் என்றது. அக்கார்ட் என்ற பெரிய ஆய்வில் ஒரு பிரிவினருக்கு எச்பிஏ1சியை 6க்கும் கீழே கொண்டுவர முயன்றார்கள். அந்தப் பிரிவில் 257 பேர் இறந்தார்கள், வழக்கமான இலக்கு வைத்த மற்ற பிரிவில் 203 பேர். 2008இல் அந்தப் பகுதியையே நிறுத்திவிட்டார்கள்.

பணம் வாங்காத நிபுணருக்கும் தான் வாழ்நாள் முழுக்க நம்பிய கொள்கை மேல் ஒரு பற்று இருக்கும். அதுவும் ஒரு முரண்தான், ஆனால் அதைக் கணக்கில் காட்ட ஒரு படிவமும் கிடையாது. உங்கள் அம்மாவுக்குத் தாழ்சர்க்கரை வருகிறதா, படபடப்பு, தலைசுற்றல் உண்டா என்பதை முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள் அம்மா. இலக்கு அதிலிருந்துதான் பிறக்க வேண்டும்.

கேள்வி: நான் மருத்துவ மாணவி. தொடர்பை வெளிப்படையாக அறிவித்துவிட்டால் போதாதா சார்?

போதாது. பலரும் தவறாக நினைப்பது இங்கேதான். 2005இல் வெளிவந்த ஒரு சோதனையில், ஒரு ஜாடியில் இருக்கும் நாணயங்களின் மதிப்பை ஊகிக்க ஒருவர் இன்னொருவருக்கு ஆலோசனை சொல்ல வேண்டும். மற்றவர் கூடுதலாக ஊகித்தால் ஆலோசகருக்கு லாபம். அந்த லாபத்தை அறிவித்துவிட்ட ஆலோசகர்கள் இன்னும் அதிகமாகவே ஏற்றிச் சொன்னார்கள். கேட்டவர்களோ போதுமான அளவு கழித்துப் பார்க்கவில்லை. "சொல்லிவிட்டேனே" என்ற நிம்மதி மனதைத் தளர்த்திவிடுகிறது.

அமெரிக்காவில் மருத்துவ நிறுவனம் (Institute of Medicine) என்ற பெயரில் இருந்த அறிஞர் அமைப்பு 2011இல் சொன்னது இன்னும் தெளிவானது: தலைவருக்குத் தொடர்பு இருக்கக் கூடாது, தொடர்பு உள்ளவர்கள் குழுவில் சிறுபான்மையாகவே இருக்க வேண்டும். நான் இன்னும் ஒரு படி மேலே போவேன். ஒரு மருந்தைப் பற்றி வாக்கெடுக்கும்போது, அந்தக் கம்பெனியிடம் பணம் வாங்கியவர் அறையை விட்டு வெளியே போக வேண்டும். அவர் வெளியே போனார் என்பது நெறியிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கேள்வி: அப்படித் தேடினால் நிபுணர்களே மிஞ்சமாட்டார்களே?

மிஞ்சுவார்கள். தொடர்பு உள்ள நிபுணர் வந்து தனக்குத் தெரிந்ததைச் சாட்சி போலச் சொல்லிவிட்டுப் போகலாம், முடிவை மற்றவர்கள் எடுக்கட்டும். பொது மருத்துவர், செவிலியர், ஆய்வு முறை தெரிந்தவர், நோயாளி எல்லோருக்கும் அந்த மேசையில் இடம் உண்டு. நோயாளி அமைப்புகளும் கம்பெனிகளிடம் நிதி வாங்குவது உண்டு என்பதால் அவர்களையும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

கேள்வி: இதையெல்லாம் படித்த பிறகு பயமாக இருக்கிறது. புதிய மாத்திரை ஒன்று தந்திருக்கிறார்கள். நிறுத்திவிடட்டுமா?

தயவுசெய்து நிறுத்தாதீர்கள். கம்பெனி பணத்தில் நடந்த ஆய்வு என்பதால் மட்டும் அது பொய்யாகிவிடாது. எம்பாக்ளிஃப்ளோசின் என்ற புதிய சர்க்கரை மருந்தின் பெரிய ஆய்வு 2015இல் வந்தது, செலவு கம்பெனியுடையது. ஏற்கனவே இதய நோய் இருந்த சர்க்கரை நோயாளிகளிடம் இதயச் சாவுகள் உண்மையிலேயே குறைந்தன. மறுபக்கம், உலக சுகாதார நிறுவனம் 2018இல் விலை அதிகமான புது வகை இன்சுலின்களைவிடப் பழைய மனித இன்சுலினுக்கே முன்னுரிமை தரச் சொன்னது. புதியதும் நல்லதாக இருக்கலாம், பழையதும் போதுமானதாக இருக்கலாம்.

நாளை காலை மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: இந்த மாத்திரையால் எனக்கு என்ன குறையும், சர்க்கரை எண் மட்டுமா, மாரடைப்பும் சிறுநீரகப் பாதிப்புமா? அப்புறம், இதைவிடப் பழைய மருந்து எனக்கு ஏன் போதவில்லை?