நெஞ்சு வலி, பிரஷர், பக்கவாதம்: செட்டிநாட்டு வாசகர்களின் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

மாரடைப்புச் செய்தி இப்போது தெருவுக்குத் தெரு கேட்கிறது. உண்மையிலேயே கூடியிருக்கிறதா, செய்தி பரவும் வேகம்தான் கூடியிருக்கிறதா? (காரைக்குடி)

உண்மையிலேயே கூடியிருக்கிறது. 1990இல் இந்தியாவில் நிகழ்ந்த மரணங்களில் 15.2 விழுக்காட்டுக்கு இதய நோயும் ரத்தநாள நோயும் காரணமாக இருந்தன. 2016இல் அது 28.1 விழுக்காடு. தொற்றுநோய்ச் சாவுகள் குறைந்து, மக்கள் கூடுதல் வயது வரை வாழும் நாட்டில் இந்தப் பங்கு ஓரளவு உயரத்தான் செய்யும். ஆனால் பழியை முழுவதும் முதுமையின் மேல் போட்டுவிட முடியாது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதிலும், மற்ற நாட்டினருக்கு ஏறத்தாழ 59 வயதிலும் வந்திருந்தது. சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, தொப்பை ஆகியவை நம்மவர்களை இளவயதிலேயே பிடித்துக்கொள்வதுதான் இந்த வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் காரணம்.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 20 வயதுக்கு மேற்பட்டோரில் 11.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோயும், 35.5 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தமும் இருப்பதாகக் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் சர்க்கரை 14.4 விழுக்காடு. இறங்குமுகத்தில் இருப்பது புகையிலை ஒன்றுதான்: அதைப் பயன்படுத்துவோர் 2009-10இல் 34.6 விழுக்காடு, 2016-17இல் 28.6.

எங்கள் அப்பச்சிக்கு வயது 66. பிரஷர் 160/100 இருந்தது. சில மாதம் மாத்திரை சாப்பிட்டு 130/80 ஆனதும், "சரியாகிவிட்டது" என்று நிறுத்திவிட்டார். தலைச்சுற்றல் எதுவும் இல்லை. விட்டுவிடலாமா? (தேவகோட்டை, வாசகி)

விடக்கூடாது. 130/80 என்பது மாத்திரை வேலை செய்வதற்கான சான்று. நோய் போய்விட்டதற்கான சான்று அல்ல. நிறுத்திய சில நாட்களிலோ வாரங்களிலோ அழுத்தம் பழைய இடத்துக்கே திரும்பும். தலைச்சுற்றலை அடையாளமாக வைத்துக்கொள்வதும் தவறு. பெரும்பாலானவர்களுக்கு உயர் ரத்த அழுத்தம் எந்த அறிகுறியும் காட்டாது. பக்கவாதம் வந்து மருத்துவமனையில் சேர்க்கும்போதுதான் முதன்முறையாக அளந்து பார்க்கப்படுபவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். பக்கவாதத்தைத் தூண்டும் காரணங்களில் முதலிடம் இதற்குத்தான்.

அவர் ஏன் நிறுத்தினார் என்பதையும் பக்குவமாகக் கேட்டுப் பாருங்கள். சில மாத்திரைகளால் கணுக்கால் வீங்கும், சிலவற்றால் வறட்டு இருமல் வரும். அதை டாக்டரிடம் சொல்லாமல் தாமாகவே விட்டுவிடும் பெரியவர்கள் உண்டு. சொன்னால் வேறு மாத்திரைக்கு மாற்றித் தருவார்கள். வாங்கி வருவதுதான் சிரமமென்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

வீட்டில் அளப்பதென்றால் மேல்கையில் பட்டை கட்டும் கருவியே நல்லது. காபி குடித்தோ மாடிப்படி ஏறியோ வந்த உடனே அளக்க வேண்டாம். முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வைத்து, இரண்டு முறை அளந்து நோட்டில் எழுதுங்கள்.

செட்டிநாட்டுச் சமையலின் காரமும் மசாலாவும்தான் இதயத்தைக் கெடுக்கிறது என்கிறார்களே? (கோட்டையூர்)

மிளகும் சீரகமும் சோம்பும் இதில் குற்றவாளிகள் அல்ல. நான் சந்தேகப்படுவது உப்பையும், மறுபடி மறுபடி காயும் எண்ணெயையும், இலையில் குவியும் வெள்ளைச் சோற்றையும்தான். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பைப் பரிந்துரைக்கிறது. அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு, குழம்பு, ஊறுகாய் எல்லாம் சேர்த்து. வத்தக்குழம்பு, அதற்குத் தொட்டுக்கொள்ள அப்பளம், மோர்ச் சோற்றுக்கு மோர் மிளகாய், ஓரத்தில் ஆவக்காய் என்று ஒரு மதியச் சாப்பாட்டிலேயே அந்த அளவு தாண்டிவிடும். இந்துப்புக்கு மாறினால் போதும் என்பது வீண் நம்பிக்கை. அதிலும் இருப்பது பெரும்பாலும் அதே சோடியம்தான். பொட்டாசியம் கலந்த குறைசோடியம் உப்பு பிரஷருக்கு நல்லது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சிலவகைப் பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

தேன்குழலும் கந்தரப்பமும் சுட்ட எண்ணெயை வடிகட்டி வைத்து அடுத்த பலகாரத்துக்கு ஊற்றுவது நம் வீடுகளில் சிக்கனமாகக் கருதப்படுகிறது. நிறம் கறுத்து, கெட்டிப்பட்டு, சட்டியில் நுரைத்துக்கொண்டு நிற்கும் எண்ணெய் சாப்பிடத் தக்கதல்ல. பலகாரக் கடைகளுக்கு இதில் 2018 ஜூலை முதல் சட்டப்படியே வரம்பு இருக்கிறது. வீட்டுச் சட்டிக்கு நாம்தான் வரம்பு வைக்க வேண்டும்.

நான் ஒல்லி, புகை, மது கிடையாது. எனக்கும் பரிசோதனை தேவையா? (புதுவயல்)

தேவை. கையும் காலும் மெலிந்திருக்க வயிற்றில் மட்டும் கொழுப்பு சேர்வது நம்மவர்களின் உடல்வாகு. ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80ஐயும் தாண்டக்கூடாது. வயது 30 ஆகிவிட்டால் பிரஷர், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பாருங்கள். ஆயிரக்கணக்கில் செலவாகும் மாஸ்டர் செக்கப் அவசியமில்லை. ஈசிஜி நார்மல் என்று ஒரு தாள் கையில் இருப்பது, அடுத்த ஆண்டு மாரடைப்பு வராது என்பதற்கு உத்தரவாதமும் அல்ல.

நான் சிங்கப்பூரில் வேலை செய்கிறேன். கண்டனூரில் பெரிய வீட்டில் பெற்றோர் இருவர் மட்டுமே இருக்கிறார்கள். அவசரத்துக்கு எதைத் தயாராக வைக்க வேண்டும்? (சிங்கப்பூர்)

முதலில், எதைச் செய்யக்கூடாது என்பதை இருவருக்கும் சொல்லி வையுங்கள். நெஞ்சை அழுத்தும் வலி, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை வந்தால், வாயு என்று நினைத்து இஞ்சிச் சாறும் சோடாவும் குடித்துக் காத்திருக்கக்கூடாது. சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத் திணறலும் அசதியுமாகவும் மாரடைப்பு வரலாம். உடனே 108ஐ அழைக்க வேண்டும். 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டப்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாடின் ஆகிய முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்.

பக்கவாதத்தில் கதை வேறு. வாய் கோணுவது, ஒரு கை தூக்க வராமல் சரிவது, பேச்சுக் குழறுவது ஆகியவற்றில் ஒன்று திடீரென வந்தாலும் ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். மூளையில் அடைப்பா, கசிவா என்று சிடி ஸ்கேன் பார்க்கும் வரை தெரியாது, கசிவென்றால் அதே மாத்திரை ஆபத்து. புறா ரத்தம் தடவுவதற்காக ஊர் ஊராகத் தூக்கிச் செல்லும் வழக்கம் இன்னும் முழுதாக ஒழியவில்லை. அதில் வீணாவது, அடைப்பைக் கரைக்கும் ஊசி போட முடிந்த முதல் நாலரை மணி நேரம். ஆகவே கண்டனூரிலிருந்து எந்த மருத்துவமனையில் இரவிலும் ஸ்கேன் உண்டு, அங்கே ஊசி போடுகிறார்களா என்பதை இப்போதே விசாரித்து, அந்த எண்ணைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒட்டச் சொல்லுங்கள். அப்பச்சியும் ஆத்தாவும் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலும், வாசல் கதவுக்கு இன்னொரு சாவியும் பக்கத்து வீட்டில் இருக்கட்டும். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளவும் சொல்லுங்கள். மருத்துவமனையில் முதலில் கேட்கப்படும் கேள்வி அதுதான்.