வாசகர் கேள்வி–பதில்: 50 டிகிரியில் நிற்காத புகைப்பெட்டி

கேள்வி: குடம்புளி உலர்த்துவதற்காக எவர்சில்வர் தகட்டில் பெட்டி ஒன்று செய்து, அடியில் 1000 வாட் ஹீட்டரும் அதன் அருகே சிரட்டை புகையும் சட்டியும் வைத்திருக்கிறேன். டிஜிட்டல் கன்ட்ரோலரில் 50 டிகிரி வைத்தால் 64 வரை ஏறிவிடுகிறது. இறங்க முக்கால் மணி நேரம் ஆகிறது. காலிப் பெட்டியில் ஆட்டோ டியூன் (கன்ட்ரோலர் தனக்கான எண்களைத் தானே கண்டுகொள்ளும் முறை) செய்தும் பயனில்லை. ஹீட்டரை எப்படிக் கூட்டிக் குறைப்பது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் பி, ஐ, டி எண்களை எவ்வளவு வைப்பது? இதே பெட்டியில் மீனையும் புகையிடலாமா?
– வாசகர், குலசேகரம்

பதில்: கன்ட்ரோலரால் சூட்டைக் கொடுக்க முடியுமே தவிர, கொடுத்ததைத் திரும்ப எடுக்க முடியாது. வெளிக்காற்றே 28 டிகிரி இருக்கும் ஊரில், 50 டிகிரிப் பெட்டியிலிருந்து சூடு மெதுவாகத்தான் வெளியேறும். மின்சாரம் நின்ற பிறகும் ஹீட்டர் கம்பியில் தங்கிய சூடு பெட்டிக்குள்தான் இறங்கும். போதாததற்கு, சிரட்டைச் சட்டி கன்ட்ரோலருக்கு அடங்காத இரண்டாவது அடுப்பாக உள்ளே கனன்றுகொண்டிருக்கிறது. அதை வெளியே வைத்து, புகையை மட்டும் குழாய் வழியே கொண்டுவாருங்கள். உங்கள் பகுதி ரப்பர் ஷீட் புகைக்கூடங்கள் பலவற்றில் அடுப்பு வெளிப்புறம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவையும் 40 முதல் 60 டிகிரிக்குள் இயங்குபவைதாம்.

அடுத்து, ஹீட்டர் மிகப் பெரியது. அதே அளவுள்ள இன்னொன்றைத் தொடர் இணைப்பில் சேர்த்தால் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 500 வாட்டே எடுக்கும். கம்பியும் அவ்வளவு பழுக்காது. சென்சார், புளித் தட்டின் மட்டத்தில், தகட்டைத் தொடாமல் இருக்கட்டும்.

இவற்றைச் செய்த பின்பே எண்களைத் தொடுங்கள். பல மலிவான கன்ட்ரோலர்களில் பி என்பது டிகிரியில் சொல்லப்படும் பட்டை அகலம்; அதாவது, வைத்த வெப்பத்துக்கு எத்தனை டிகிரி முன்பிருந்தே ஹீட்டரின் வலு குறையத் தொடங்க வேண்டும் என்பது. எண் கூடினால் வேகம் குறையும். ஐ, டி இரண்டையும் 0 ஆக்கி, பி-யைக் கூட்டிக்கொண்டே போனால், ஊசலாட்டம் அடங்கி, 47 அல்லது 48-இல் வெப்பம் நிலைத்து நிற்கும். அந்தக் குறையை நிரப்புவதே ஐ-யின் வேலை. வெப்பம் ஏறும் வேகத்தைப் பார்த்து முன்கூட்டியே அடக்குவது டி. 1942-இல் சீக்லர், நிக்கல்ஸ் என்ற பொறியாளர்கள் இருவரும் வகுத்த விதிப்படி, அடங்காமல் ஊசலாடும்போது ஒரு சுற்றுக்கு 8 நிமிடம் ஆனால் ஐ 240 விநாடி, டி 60 விநாடி. அவர்களுடைய விதி வேகத்தை நாடுவது. ஐ-யின் விநாடி கூடினால் அதன் வேலை மெதுவாகும்; புளிக்கு அவசரமில்லை என்பதால் நான் ஐ-யை 480 ஆக்கித்தான் தொடங்குவேன். ஆட்டோ டியூன் செய்வதானால் ஈரப்புளி நிரம்பிய பெட்டியில் செய்யுங்கள். ஈரம் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்வதால், காலிப் பெட்டியில் கிடைத்த எண்கள் அங்கே பொருந்தா.

மீனுக்கு இந்த 50 டிகிரி போதாது. 5 முதல் 60 டிகிரி வரை கிருமிகள் பெருகும் எல்லை. அதில் மணிக்கணக்கில் கிடக்கும் மீன், புகை மணத்தாலேயே நல்லதாகத் தோன்றிவிடும். உப்புநீரில் ஊறவைத்துப் புகையிட்ட பின், சதையின் நடுவே குத்திய தனி வெப்பமானி 63 டிகிரியைக் காட்டி, அரை மணி நேரமாவது அங்கேயே நிற்க வேண்டும். பிறகு ஆறவைத்து உடனே குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள்.