ஜெரண்ட், மெட்டானமி எல்லாம் தலையில் ஏறவே மாட்டேன் என்கிறது. தமிழ் வழியில் படித்தவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

நீங்கள் அநேகமாக பி.ஏ. ஆங்கிலம் முதல் வருடமாக இருக்க வேண்டும். நானும் அங்கேதான் அடி வாங்கினேன்.

முதல் இன்டர்னல் தேர்வில், வெள்ளை மாளிகை ஏதோ அறிவித்ததாக ஓர் ஆங்கில வரியைக் கொடுத்து, இதில் என்ன அணி என்று கேட்டிருந்தார்கள். கட்டடம் பேசுகிறதே என்று பெர்சானிஃபிகேஷன் என எழுதிவைத்தேன். சுழி. அதை வகுப்பில் வாசித்தும் காட்டினார்கள். விடை மெட்டானமியாம். ஏன் சார் என்று கேட்டதற்கு நோட்ஸில் இருந்த வரையறையையே இன்னொரு தரம் படித்தார்.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போயிருந்தேன். வாசலிலிருந்து அம்மா, "பொங்குதுடா, பாலை இறக்கு" என்று கத்தினார். துணியைச் சுற்றி நான் இறக்கியது பாத்திரத்தை. அடுப்படியில் நின்றபடியே சிரித்துவிட்டேன். 'பாலை இறக்கு' எங்கள் தமிழய்யா ஆகுபெயருக்குச் சொன்ன உதாரணம்! ஒன்றின் பெயர் அதோடு தொடர்புள்ள இன்னொன்றுக்கு ஆகிவருவதுதான் ஆகுபெயர், அதைத்தான் மெட்டானமி என்கிறார்கள். ஊர் சிரித்தது என்றால் சிரிப்பது ஊரில் இருப்பவர்கள். மாளிகை அறிவித்தாலும் அப்படித்தான், இடவாகுபெயர். நோட்ஸில் அடுத்ததாக இருந்த 'தி கெட்டில் இஸ் பாயிலிங்' கூட உடனே விளங்கியது. கொதிப்பது தண்ணீர், பெயர் கெட்டிலுக்கு. எங்கள் வீட்டுப் பாலுக்கு நேர் தலைகீழ். தலைக்கு நூறு ரூபாய் என்று வசூலிக்கிறோமே, உறுப்பின் பெயர் முழு ஆளுக்கு ஆகிவரும் அந்தச் சினையாகுபெயர்தான் சினெக்டகி.

அப்புறம் பழைய இலக்கணப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். மலர்முகம் என்றால் உவமை, சிமிலி. முகமலர் என்றால் உருவகம், மெட்டஃபர். ஜெரண்ட் என்று பயமுறுத்தியது நம் தொழிற்பெயர். 'ரன்னிங் இஸ் குட்' என்றால் ஓடுதல் நல்லது. 'ரன்னிங் வாட்டர்' என்றால் ஓடும் நீர், அதாவது பெயரெச்சம், அதை அவர்கள் பார்ட்டிசிபிள் என்கிறார்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே உருவம் என்பதால்தான் குழப்பம். தமிழில் சொல்லிப் பார்த்தால் தானாகப் பிரிந்துவிடும்.

உடனே யாராவது, இரண்டும் வேறு வேறு மொழிக் குடும்பம், இப்படி ஒட்டவைப்பது தப்பு என்று வருவார்கள். தெரியும் ஐயா. நூற்றுக்கு நூறு பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆங்கில இலக்கணத்தையே லத்தீன் இலக்கணத்தின் அச்சில் வார்த்துத்தானே பல காலம் சொல்லிக்கொடுத்தார்கள்? எனக்கு லத்தீன் தெரியாது, தமிழ் தெரியும். அவ்வளவுதான்.

எனக்கு ஆத்திரம் வேறு ஒன்றில். பத்தாவதில் அரையாண்டு முடிந்ததும் எங்கள் தமிழ்ப் பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொண்டார். "தமிழ்தானே, வீட்டுல படிச்சுக்குவாங்க." தமிழய்யா பதில் பேசாமல் சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். அணி இலக்கணத்தில் பாதி அப்படிப் போனதுதான். கல்லூரியில் வாங்கிய அந்தச் சுழியில் கணக்கு வாத்தியாருக்கும் பங்கு உண்டு என்பேன்.

சரி, இந்த வழி கைவிடும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏ, ஆன் இரண்டையும் ஒரு, ஓர் என்று ஓரளவு சமாளிக்கலாம். 'தி'க்குத் தமிழில் ஜோடி கிடையாது. இன்றைக்கும் ஆங்கிலத்தில் கடிதம் எழுதினால் கான்வென்டில் படித்த என் மனைவியிடம் கொடுத்து, 'தி' போட்டு வாங்கித்தான் அனுப்புகிறேன்.