மீடியமா, லார்ஜா?

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. தப்பாக நினைக்காதீர்கள், பதினான்கு வருடத்துக்கு முந்தைய என்னையே பார்த்த மாதிரி இருந்தது. நீங்கள் அமெரிக்கா வந்து மூன்று மாதம், வாரத்தில் ஐந்து நாள் கோழி பர்கரும் ஃப்ரைஸும். மாட்டிறைச்சி மட்டும் தொடுவதில்லை. அறைத்தோழர் ஒருநாள் துரித உணவுத் தொழிலைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றைப் போட்டுக் காட்டினார். குமட்டிக்கொண்டு வந்தது, இனி அந்தப் பக்கமே போவதில்லை என்று முடிவெடுத்தீர்கள். எட்டாம் நாள் ராத்திரி அதே கடை வாசலில் நின்றீர்கள். "தெரிந்த பிறகும் ஏன் விட முடியவில்லை, நீங்கள் எப்படி விட்டீர்கள்?" என்று கேட்கிறீர்கள். நண்பர்கள் எல்லாம் அங்கேதான் கூடுகிறார்கள், அதற்கு என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

உண்மையைச் சொன்னால் நானும் முழுதாக விடவில்லை. நெடும்பயணம் போகும்போது இன்றும் இறங்கிச் சாப்பிடுகிறேன். ஆனால் வாரம் ஐந்து என்பது இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று ஆகிவிட்டது, வாங்குவதும் மாறிவிட்டது. அருவருப்பை நம்பாதீர்கள். அதற்கு ஆயுள் ஒரு வாரம்தான், உங்களுக்கு எட்டு நாள் தாங்கியதே பெரிது.

மாணவர் விசாவில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம் என்பது இதற்குள் தெரிந்திருக்கும். எங்கள் பல்கலைக்கழக மாணவர் மையத்தில் ஒரு பர்கர் கடை இருந்தது. பெயர் வேண்டாம். இரண்டு செமஸ்டர் அங்கே நின்றேன். நானும் ஏதோ ஒரு வீடியோ பார்த்துவிட்டு, உள்ளே அழுக்கும் கரப்பானுமாக இருக்கும் என்றே நினைத்துப் போனேன். அப்படி ஒன்றும் இல்லை. அரை மணிக்கு ஒருமுறை மணி அடிக்கும், எல்லோரும் கை கழுவ வேண்டும். ஷிப்ட் தொடங்கியதும் மேனேஜர் வெந்த இறைச்சி வில்லைக்குள் (ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதினால் பாட்டி என்றாகிவிடுகிறது, வில்லை என்றே இருக்கட்டும்) தெர்மாமீட்டரைக் குத்தி, வரும் எண்ணை ஒரு தாளில் குறிப்பார். வெட்டி வேலை என்று நினைத்தேன். பிற்பாடுதான் விஷயம் தெரிந்தது. 1993 இல் ஜாக் இன் த பாக்ஸ் என்ற துரித உணவுக் கடைகளில் சரியாக வேகாத பர்கரைச் சாப்பிட்டு, ஈ.கோலை கிருமியால் நான்கு மாநிலங்களில் 700 பேருக்கு மேல் படுத்துவிட்டார்கள். நான்கு குழந்தைகள் இறந்துபோனார்கள். அடுத்த வருடமே, அந்தக் கிருமி உள்ள அரைத்த மாட்டிறைச்சி கலப்படப் பொருள், விற்கக்கூடாது என்று அரசு அறிவித்தது. அதைப் படித்த பிறகு மேனேஜரின் தாளை நான் கேலி செய்யவில்லை. ஆக, அழுக்கு என்ற காரணத்தைப் பிடித்துக்கொண்டு விடப் பார்த்தால் நிற்காது. பளிச்சென்று ஒரு கடையைப் பார்த்ததும் காரணம் கழன்றுவிடும்.

என்னை அசைத்தது வேறு விஷயம். அந்தக் கிச்சனில் யாரும் சமைக்கவில்லை. ஃப்ரைஸ் உறைந்துபோய்ப் பைபையாக வரும். வெங்காயம் காய்ந்த துகளாக வரும், காலையில் தண்ணீரில் ஊறப்போடுவது என் வேலை. வில்லைகள் கல்லில் விழும்போது ஓட்டுச் சில் மாதிரிச் சத்தம் கேட்கும். கூடையை எண்ணெயில் இறக்கிப் பொத்தானை அழுத்தினால், எப்போது தூக்க வேண்டும் என்று மெஷினே கத்தும். தலைக்கு மேலே ஒரு திரை. ஆர்டர் விழுந்ததிலிருந்து அதில் நொடி ஓடும், நேரம் தாண்டினால் சிவப்பாகும். இரண்டே மணி நேரத்தில் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டேன். என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை, யார் வந்தாலும் இரண்டு மணி நேரத்தில் படியும்படிதான் எல்லாம் வைக்கப்பட்டிருந்தது.

அதை இப்படி வைத்தவர்கள் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் கடை வைத்திருந்த மெக்டொனால்ட் சகோதரர்கள் இருவர். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடையை 1948 இல் கொஞ்ச நாள் மூடினார்கள். கார்களுக்குத் தட்டு ஏந்திப்போன பெண்களை நிறுத்தினார்கள். பட்டியலை வெட்டினார்கள். தட்டு, கத்தி, முள்கரண்டி கேட்கும் பண்டம் எதுவானாலும் போயிற்று. ஒருவர் வாட்ட, ஒருவர் பொரிக்க, ஒருவர் சுற்றிக் கொடுக்க, பர்கர் 15 சென்ட். மில்க்‌ஷேக் மெஷின் விற்பவராக 1954 இல் அங்கே போன ரே கிராக், அதைப் பார்த்து மயங்கி, 1961 இல் 27 லட்சம் டாலர் கொடுத்து மொத்தமாக வாங்கிவிட்டார். இதில் எனக்கு உறைத்தது ஒரு சின்ன விஷயம்: ஒரு கையால் தின்னக்கூடிய சாப்பாடு தற்செயலாக வந்ததில்லை. நான் அதுவரை இடது கையில் பர்கரும் வலது கையில் மவுஸுமாக உட்கார்ந்துவிட்டு, இது என் பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் குளிர்பானம். கோலா அங்கே பாட்டிலில் வராது. அட்டைப்பெட்டிக்குள் ஒரு பை, அதில் கெட்டி சிரப். ஒரு பங்கு சிரப்புக்கு ஏறக்குறைய ஐந்து பங்கு சோடாத் தண்ணீரைக் குழாயே கலந்துவிடும், மேலே ஐஸ். ஸ்மாலுக்கும் லார்ஜுக்கும் உங்களுக்கு ஆகும் வித்தியாசம் கவுண்டரில் தெரியும். கடைக்கு ஆகும் வித்தியாசம், பெட்டி மாற்றுகிறவனுக்குத் தெரியும்: சில சென்ட். லாபம் இருப்பது அந்தக் குழாயிலும் ஃப்ரைஸ் கூடையிலும்தான். பர்கர் உங்களை உள்ளே கூட்டிவர மட்டும். கவுண்டரில் நின்ற முதல் நாளே எனக்குச் சொல்லித்தந்தது இதுதான்: "குடிக்க வேண்டுமா" என்று கேட்காதே, "மீடியமா, லார்ஜா" என்று கேள். ஸ்மால் என்ற சொல் வாயில் வரவே கூடாது. கேட்டால் கொடு. ஒரு ஷிப்டில் இருநூறு பேரிடமாவது அதைச் சொல்லியிருப்பேன், ஸ்மால் கேட்டவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

ஷிப்ட் முடிந்து வேறொரு கடையில் பசியோடு வரிசையில் நின்றேன். கவுண்டரில் இருந்த பையன் "மீடியமா, லார்ஜா" என்றான். என் வாயும் "மீடியம்" என்றது. சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அந்த மீடியத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கோபம்கூட இல்லை, ஒரு மாதிரி வெட்கம். அன்றைக்குப் பிறகு காம்போ (பர்கர், ஃப்ரைஸ், குளிர்பானம் மூன்றும் சேர்ந்தது) வாங்கியதே இல்லை. பர்கர் மட்டும், தண்ணீர் மட்டும்.

இரண்டாவது அடி உங்களுக்கும் விழும், அதனால் சொல்கிறேன். மெக்டொனால்ட்ஸ் ரொம்ப காலம் பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பில்தான் ஃப்ரைஸ் பொரித்தது. 1990 இல் தாவர எண்ணெய்க்கு மாறியதாக அறிவித்தது. ருசி போய்விடக்கூடாதே, அதனால் மாட்டிறைச்சியிலிருந்து எடுத்த சுவையூட்டியைச் சேர்த்தார்கள், பட்டியலில் "இயற்கைச் சுவையூட்டி" என்று மட்டும் போட்டார்கள். 2001 இல் சியாட்டிலில் இந்திய வழக்கறிஞர் ஒருவர் வழக்குப் போட்டார். மறு வருடம் கம்பெனி மன்னிப்புக் கேட்டு, இந்து அமைப்புகளுக்கும் சைவ உணவு அமைப்புகளுக்கும் மற்றவர்களுக்கும் 1 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. இன்றைக்கும் அமெரிக்க மெக்டொனால்ட்ஸ் ஃப்ரைஸின் சேர்மானப் பட்டியலில் மாட்டிறைச்சிச் சுவை இருக்கிறது, வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். எழுதியிருப்பதைப் படிக்காமல் இரண்டு வருடம் "வெறும் உருளைக்கிழங்குதானே" என்று தின்றவன் நான். அதிலிருந்துதான் அட்டையைத் திருப்பிப் படிக்கும் பழக்கம் வந்தது. காய்கறி சூப்பில் கோழிச்சாறு, பீன்ஸில் பன்றிக்கொழுப்பு, மிட்டாயில் ஜெலட்டின் எல்லாம் இங்கே சாதாரணம். கேட்டால் சொல்வார்கள், கேட்க வேண்டும்.

கலோரி எண்ணைப் பற்றியும் கேட்டீர்கள். 20 கிளையோ அதற்கு மேலோ உள்ள கடைகள் 2018 மே முதல் பலகையில் போட்டே ஆக வேண்டும். எனக்குப் பெரிதாக உதவவில்லை. பசியில் நிற்பவன் எண் பார்ப்பதில்லை.

மனஉறுதி இல்லை என்று உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 20 பேரைத் தங்கவைத்து ஒரு சோதனை செய்து, 2019 இல் முடிவை வெளியிட்டது. இரண்டு வாரம் ஆலையில் மிகவும் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் அப்படிப் பதப்படுத்தாத உணவு. பரிமாறியதில் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார் எல்லாம் சமமாகத்தான் வைத்தார்கள், வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பதப்படுத்தியதைச் சாப்பிட்ட வாரங்களில் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது, ஏறக்குறைய ஒரு கிலோ எடையும் ஏறியது. வேகமாகவும் சாப்பிட்டார்கள். மென்மையாக இருக்கிறது, மெல்லும் வேலை கம்மி, வயிறு "போதும்" என்று சொல்வதற்குள் பொட்டலம் காலி. அதனால் நான் செய்வது இரண்டு காரியம். பையில் எப்போதும் ஒரு வாழைப்பழமும் கொஞ்சம் கடலையும் இருக்கும், மதியம் மூன்று மணிப் பசியோடு எந்தக் கடை வாசலையும் தாண்டுவதில்லை. வாங்கினால் மடிக்கணினியை மூடிவிட்டு, உட்கார்ந்துதான் சாப்பிடுவேன்.

இன்னொன்று, போனில் அந்தக் கடைகளின் ஆப் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். நான் வேலை செய்த காலத்தில் "மீடியமா, லார்ஜா" என்று கேட்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. இப்போது ராத்திரி ஒன்பது மணிக்கு "உங்களுக்கு ஃப்ரைஸ் இலவசம்" என்று உங்கள் பாக்கெட்டிலிருந்தே கூப்பிடுகிறது.

நண்பர்கள் விஷயத்துக்கு வருகிறேன். போகாமல் இருக்காதீர்கள். முதல் குளிர்காலத்தில், நூலகம் மூடிய பிறகு, விளக்கு எரியும் ஒரே மேஜை அதுதான் என்று இருக்கும் ஊர்கள் இங்கே நிறைய. என் நெருங்கிய நண்பனை அப்படி ஒரு மேஜையில்தான் பிடித்தேன், அவன் பாடம் சொல்லித்தந்துதான் ஒரு பரீட்சையே தேறினேன். அறையில் ஏதாவது வயிற்றுக்குப் போட்டுக்கொண்டு போங்கள், அங்கே ஒரு காபி வாங்குங்கள். கவுண்டரில் அந்தக் கேள்வி வரும். "ஸ்மால்" என்று சொன்னால் தருவார்கள், சில இடத்தில் கோப்பையைத் தேட ஒரு நிமிடம் ஆகும்.